பானை வழியாக வந்ததா, பானையிலேயே இருந்ததா? அடையாளமிட்ட பாக்டீரியா வைத்துச் சோதிப்பது பற்றி உதவி வேண்டும்

ஊருணிக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் எம்.எஸ்ஸி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் மானாமதுரைக்குப் பக்கம். எங்கள் ஊரில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். குடிக்க இன்றும் ஊருணிதான்.

என் தாய்மாமா மண்பாண்டம் செய்கிறவர். பானை, அகல், கடம் எல்லாம் அவர் கையில் வரும். இரண்டு வருடமாக வடிகட்டிப் பானை ஒன்று செய்து பார்க்கிறார். கண்மாய்க் களிமண்ணோடு அரைத்த உமியைக் கலந்து பிசைந்து வனைந்து சூளையில் வைத்தால், உமி எரிந்துபோய் அந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளையாகிவிடும். தண்ணீர் அது வழியாகக் கசிந்து கீழே இருக்கும் பிளாஸ்டிக் வாளியில் சேரும், வாளியில் ஒரு குழாய். 1981இல் குவாத்தமாலாவில் ஃபெர்னாண்டோ மசாரியேகோஸ் உருவாக்கிய வடிவம் இது. மாமாவுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. யாரோ கைப்பேசியில் காட்டிய படத்தைப் பார்த்துத் தானாகவே செய்தார். பானை 8 லிட்டர் பிடிக்கும், மணிக்கு ஒன்றரை லிட்டர் கசியும்.

இப்போது பிரச்சினை. ஊருணித் தண்ணீரை ஊற்றி, வெளியே வந்ததைக் கல்லூரியில், தண்ணீர் அசுத்தமானதைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவுக்குச் சோதனை செய்தேன். ஐந்து ஐந்து குழாய் வைத்து எண்ணும் எம்.பி.என். முறை. ஊருணித் தண்ணீரில் 100 மில்லிக்கு 1600க்கு மேல். பானை புதிதாக இருந்தபோது வெளியே வந்தது 23. சந்தோஷமாக இருந்தது. 12 நாள் கழித்து அதே பானை, அதே வாளி: 240. மாமாவிடம் சொன்னபோது ஒன்றும் பேசவில்லை. அன்று பிசைந்து வைத்திருந்த மண்ணை அப்படியே கோணிச் சாக்கு போட்டு மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் பேராசிரியர் "அடையாளம் போட்ட பாக்டீரியாவை ஊற்றிப் பார், அப்போதுதான் எது எங்கிருந்து வருகிறது என்று தெரியும்" என்றார். அதற்கு மேல் கேட்க அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. என் கேள்விகள்:

எங்கள் ஆய்வகத்தில் புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் ஈ.கோலை பாக்டீரியா இருக்கிறது, ஜி.எஃப்.பி. என்ற ஒளிரும் புரதத்தின் மரபணு உள்ள பிளாஸ்மிட் நுழைத்தது. அதையே ஊற்றலாமா? எவ்வளவு ஊற்ற வேண்டும், எப்போது மாதிரி எடுக்க வேண்டும்? ஒரு தொண்டு அமைப்பு பானைக்கு வெள்ளிக் கரைசல் பூசித் தருகிறோம் என்கிறது. பூசினால் சோதனை மாறுமா?

வைகைக்கரை எழுதியது:

தம்பி, இதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? எச்.டூ.எஸ். பாட்டில் வாங்கு. 1982இல் குவாலியரில் இருந்த நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வை. கறுத்தால் கெட்ட தண்ணீர், கறுக்காவிட்டால் நல்லது. எங்கள் ஊராட்சியில் இதைத்தான் செய்கிறோம். பானை வேலை செய்கிறதா என்று ஊர்க்காரருக்குக் காட்ட இதைவிட எளிதானது கிடையாது.

பழைய பெட்ரித்தட்டு எழுதியது:

வைகைக்கரை சொல்லும் பாட்டில் நல்ல பாட்டில். நானே நூற்றுக்கணக்கில் நிரப்பியிருக்கிறேன். ஆனால் தம்பி கேட்பது வேறு. தண்ணீர் கெட்டிருக்கிறதா என்பதை அந்தப் பாட்டில் சொல்லும். கெடுத்தது யார் என்று சொல்லாது. இவர் பானையின் தலைவிதி அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 26 வருடம் தட்டு எண்ணி ஓய்வு பெற்றவள் நான். முதல் எட்டு வருடம் ஊசிமருந்துத் தொழிற்சாலையில் வடிகட்டிச் சோதனை, பிறகு கோயம்புத்தூரில் ஒரு தண்ணீர் ஆய்வகம்.

2003இல் என் மேசைக்கு ஒரு கேண்டில் வடிகட்டி வந்தது. சிறிய பட்டறை ஒன்றில் செய்தது. சாதாரணக் கோலிஃபார்ம் சோதனை செய்தேன். உள்ளே போனதைவிட வெளியே வந்தது அதிகம். "தேறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பட்டறைக்காரர் வந்து எதுவும் சண்டை போடவில்லை. ஆய்வக வாசல் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "அம்மா, கேண்டிலுக்குள்ள இருந்து எப்படி அதிகமா வரும்?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. ஊற்றியதைவிட அதிகமாக வந்தால் அந்த அதிகம் ஊற்றியதிலிருந்து வந்திருக்க முடியாதே.

மறுவாரம் நாலிடிக்சிக் அமிலத்துக்குச் சாகாத ஈ.கோலையைத் தயார் செய்து ஊற்றினோம். அந்த மருந்து கலந்த அகாரில் மற்றவை பெரும்பாலும் முளைக்காது, நாம் ஊற்றியது மட்டும் முளைக்கும். அடையாளம் என்பது அவ்வளவுதான். கேண்டிலுக்கு நேர் கீழே பிடித்த 100 மில்லியில் ஒன்றுகூட இல்லை. குழாயில் பிடித்த தண்ணீரில் ஏராளமான கோலிஃபார்ம், ஆனால் எதிலும் நம் அடையாளம் இல்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் வாஷருக்குப் பின்னால் வழவழவென்று ஒரு படலம். நான் கையெழுத்துப் போட்ட தாளைத் திரும்பப் பெற்று வேறு தாள் கொடுத்தோம். அதற்குள் அவருக்கு ஓர் ஆர்டர் கைவிட்டுப் போயிருந்தது. அது என் தவறு. இன்றும் வடிகட்டி என்றாலே அந்தப் பெஞ்சுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அதனால் தம்பி, உங்கள் 240ஐ வைத்து மாமாவின் மண்ணைக் குறை சொல்லிவிடாதீர்கள். அந்த எண்ணிக்கை மண்ணைக் கடந்து வந்ததாக இருக்கலாம், மண்ணுக்குள் பெருகியதாக இருக்கலாம், வாளியில் அல்லது குழாயில் குடியிருப்பதாகவும் இருக்கலாம்.

பச்சையாக ஒளிர்வது பற்றி: பார்க்க அழகு, இந்த வேலைக்கு வேண்டாம். பிளாஸ்மிட் என்பது குரோமோசோமில் சேராத சிறு டி.என்.ஏ. வளையம், பாக்டீரியாவின் சட்டைப்பையில் இருக்கும் சீட்டு மாதிரி. அந்தச் சீட்டு தாங்கவைக்கும் ஆம்பிசிலின் மருந்து இல்லாத தண்ணீரில் அதை வைத்திருக்க அதற்குக் கட்டாயம் இல்லை, கைவிட்டுவிடும். கைவிட்டது ஒளிராது, நீங்கள் "வடிகட்டி பிடித்துவிட்டது" என்று எண்ணுவீர்கள். இன்னொன்று, அந்தச் சீட்டு வேறு பாக்டீரியா கைக்குப் போகவும் வழி உண்டு. குரோமோசோமிலேயே மாற்றம் ஏற்பட்ட வகை நல்லது. கோடிக்கணக்கான செல்களை மருந்து கலந்த தட்டில் பரப்பினால் தானாகவே மாற்றம் அடைந்த ஒன்றிரண்டு மட்டும் முளைக்கும். அதை எடுத்து வளர்ப்பதுதான். மரபணுவை வெளியிலிருந்து எதுவும் நுழைப்பதில்லை.

ஆனால் 2003இல் எனக்குப் போதுமாக இருந்த நாலிடிக்சிக் அமிலம் மட்டும் இன்று உங்களுக்குப் போதாது. நம் ஊர்த் தண்ணீரில் இந்த வகை மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலை இப்போது நிறைய. ஆகவே முதல் வேலை, எதையும் ஊற்றுவதற்கு முன் வெறும் ஊருணித் தண்ணீரை நாலிடிக்சிக் தட்டில் வைத்துப் பாருங்கள். அதில் முளைத்தால் உங்கள் அடையாளம் அடையாளமே இல்லை. இரண்டாவது மருந்தாக ரிஃபாம்பிசின் சேருங்கள். இரண்டுக்கும் சாகாத ஈ.கோலை இயற்கையில் கிடைப்பது மிக அரிது. ஆய்வகத்தில் டி.எச்.5 ஆல்ஃபா என்ற ஈ.கோலை வகை இருந்தால் அது ஏற்கெனவே நாலிடிக்சிக் அமிலத்துக்கு அடங்காததுதான், ஆனால் அது சொகுசாக வளர்ந்த பிள்ளை, வெறும் தண்ணீரில் வாடும். ஏ.டி.சி.சி. 25922 மாதிரி நல்ல திடமான ஈ.கோலை வகை ஒன்றில் தொடங்குங்கள். அதிலிருந்து எடுத்த மாறிய வகை வளரும் வேகமும் தண்ணீரில் தாங்கும் நாளும் தாய் வகையைப் போலவே இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே பானைக்குள் விடுங்கள்.

நிறத்தால் அடையாளம் காட்டும் செர்ராஷியா மார்செசென்ஸ் பற்றி யாராவது சொல்லக்கூடும். ரத்தச் சிவப்பில் முளைக்கும், எண்ணச் சுலபம். ஊசிமருந்து வடிகட்டிகளை ஒரு காலத்தில் அதை வைத்துத்தான் சோதித்தார்கள். 0.45 மைக்ரான் சவ்வு அதை முழுதாகப் பிடித்தது, அதனால் அந்தச் சவ்வு வழி வந்தது கிருமியற்றது என்று நம்பினார்கள். 1960களில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் ஃபிரான்சஸ் போமன் என்ற அம்மையார், அப்படி வடிகட்டியதிலும் ஒரு பாக்டீரியா முளைப்பதைக் கண்டார். அது இன்று பிரெவுண்டிமோனாஸ் டிமினூட்டா என்று அழைக்கப்படுகிறது. செர்ராஷியாவைவிடச் சிறியது. அதன் பிறகுதான் 0.22 மைக்ரான் வந்தது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி டிமினூட்டாவை ஊற்றி, மறுபக்கம் ஒன்றுகூட வரக்கூடாது என்ற விதியும் வந்தது. என் முதல் எட்டு வருடம் அந்த விதியோடுதான் போனது. எதை ஊற்றிச் சோதிக்கிறோமோ அதைப் பற்றி மட்டுமே நாம் பேச முடியும் என்பதை அங்கேதான் கற்றேன்.

செர்ராஷியா வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது சாது என்று நம்பி 1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை சான் ஃபிரான்சிஸ்கோ கடற்கரையில் ரகசியமாகத் தெளித்தது, காற்றில் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க. அதே சமயத்தில் அந்த நகரத்து மருத்துவமனை ஒன்றில் 11 பேருக்கு அந்தக் கிருமியின் தொற்று, ஒருவர் இறந்தார். தெளித்ததுதான் காரணமா என்பது நிரூபணமாகவில்லை, குடும்பத்தார் போட்ட வழக்கும் தோற்றது. ஆனால் உடல் நலிந்தவர்களுக்கு அது தொற்றும் என்பதில் இன்று சந்தேகமே இல்லை.

இனி ஊற்றும் முறை. இரவு முழுக்க வளர்த்த பாக்டீரியாவை மையவிலக்கியில் சுழற்றி, சத்துக் குழம்பைக் கொட்டி, உப்புத் தாங்கல் கரைசலில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். குழம்போடு ஊற்றினால் வாளியில் இருப்பவற்றுக்கெல்லாம் விருந்து வைத்த மாதிரி. நன்றாகக் குலுக்கித் தனித்தனியாக்குங்கள். கட்டி கட்டியாக இருந்தால் பானை சுலபமாகப் பிடிக்கும், பொய்யான நல்ல பெயர் கிடைக்கும். மில்லிக்கு 10 லட்சம் அளவில் இருக்கட்டும். ஆயிரம் மட்டும் ஊற்றிவிட்டு வெளியே மில்லிக்கு ஒன்றும் இல்லை என்றால், ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் விடவில்லை என்று மட்டுமே சொல்லலாம், அதற்கு மேல் பெருமை பேச இடமில்லை.

அடுத்து, எப்போது மாதிரி எடுப்பது? பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். பானைச் சுவரில் ஏற்கெனவே தண்ணீர் ஊறியிருக்கிறது. நீங்கள் ஊற்றியதும் முதலில் சொட்டுவது அந்தப் பழைய தண்ணீர். அதைப் பிடித்து எண்ணினால் எந்த ஓட்டைப் பானையும் தங்கப் பானையாகத் தெரியும். ஒரு நாள் முன்னதாக உப்புத் தண்ணீரை ஊற்றுங்கள். கடையில் கிடைக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை வைத்துச் சொட்டும் தண்ணீரைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதுங்கள். உள்ளே இருக்கும் அளவு வெளியேயும் வந்து நிலைக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதற்குப் பிறகு எடுப்பதே மாதிரி. பிறகு நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். பானை நிறைந்திருக்கும்போது ஒன்று, பாதியாகும்போது ஒன்று எடுங்கள். மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறையும், வேகமும் குறையும், எண்ணிக்கையும் மாறும்.

ஊற்றிய அதே தண்ணீரில் கொஞ்சத்தைக் கிருமி நீக்கிய குடுவையில் பானைக்குப் பக்கத்திலேயே மூடி வையுங்கள். அத்தனை மணி நேரத்தில் தானாகச் செத்தது எவ்வளவு என்று அது சொல்லும். இதைச் செய்யாத அறிக்கையை நான் படிக்கவே மாட்டேன்.

வெள்ளி பற்றி. பூசினால் சோதனை கட்டாயம் மாறும். வெள்ளி தண்ணீரில் சிறிது சிறிதாகக் கரைந்து, மாதிரிப் பாட்டிலுக்குள் வந்த பிறகும் கொன்றுகொண்டே இருக்கும். நீங்கள் பேருந்தில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகும் இரண்டு மணி நேரத்தில் பாதி செத்திருக்கும், பானை பிடித்ததாகக் கணக்காகிவிடும். பாட்டிலில் முன்கூட்டியே சோடியம் தயோகிளைகோலேட்டும் தயோசல்ஃபேட்டும் போட்டு வைத்தால் வெள்ளி அடங்கும். அடிபட்ட செல்கள் மருந்துத் தட்டில் நேரடியாக முளைக்காது, முதலில் மருந்தில்லாத அகாரில் சில மணி நேரம் தேற விட்டு, மேலே மருந்து அகாரை ஊற்றுங்கள். குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் ஐ.எஸ். 10500 சொல்கிறது, அதையும் அளக்க வேண்டும். என் யோசனை, முதலில் வெள்ளி இல்லாத பானையைச் சோதியுங்கள். மாமாவின் மண் என்ன செய்கிறது என்பது தனியாகத் தெரியட்டும்.

வேலூர் ஆய்வகம் எழுதியது:

அம்மா சொன்னது அத்தனையும் சரி. ஓர் ஆய்வகத்தில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறவன் என்ற முறையில் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஜி.எஃப்.பி. பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியா, மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989 விதிகளின் கீழ் வரும். உங்கள் கல்லூரியின் உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரியாமல் ஆய்வகக் கதவைத் தாண்டக் கூடாது. மாமா வீட்டுத் திண்ணையில் வைத்துச் சோதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ரிஃபாம்பிசின் காசநோய் மருந்து. தானாக மாறிய வகை என்றாலும் அதை வளர்த்து லிட்டர் கணக்கில் தண்ணீரில் கலக்கப் போகிறீர்கள். எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. ஒரு துளிகூடச் சாக்கடைக்கு உயிரோடு போகக் கூடாது. வெளியே வரும் தண்ணீர் முழுவதையும் வாளியில் பிடித்து பிளீச்சிங் கரைசல் சேர்த்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்து, பிறகு கொட்டுங்கள். தட்டுகள் 121 டிகிரியில் ஆட்டோக்ளேவ். சோதித்த பானை திரும்ப எந்த வீட்டுக்கும் போகக் கூடாது, கழுவிக் கொடுக்கிறேன் என்று யார் கேட்டாலும் கூடாது.

பழைய பெட்ரித்தட்டு எழுதியது:

உங்கள் கவலை எனக்கும் உண்டு. மாற்றம் குரோமோசோமில் இருப்பதால் பக்கத்துப் பாக்டீரியாவுக்குக் கைமாறும் வாய்ப்பு பிளாஸ்மிட்டைவிட மிகக் குறைவு. அதனால்தான் இந்த வழி. பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். பானைகளைப் பலி கொடுக்கத்தான் வேண்டும், தம்பி மாமாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊருணிக்காரன் எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

அம்மா, வேலூர் அண்ணா, வைகைக்கரை அண்ணா, மூன்று பேருக்கும் நன்றி. குழுவின் அனுமதி வாங்கவே பத்து நாள் ஆனது. எல்லாமே ஆய்வகத்துக்குள் செய்தேன். மாமா மூன்று பானை கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்தார். முதலாவது கணீரென்றது. இரண்டாவதையும் மூன்றாவதையும் "சத்தம் அடைச்ச மாதிரி இருக்குடா, இதுக ரெண்டும் தேறாது" என்றார். கடம் தட்டிப் பழகிய காது. சொன்னதைத் தேதியோடு குறித்து வைத்தேன்.

முதலில் அம்மா சொன்னபடி வெறும் ஊருணித் தண்ணீர். நாலிடிக்சிக் மட்டும் கலந்த தட்டில் 40க்கு மேல் முளைத்தது. நான் அதை நம்பித் தொடங்கியிருந்தால் முழுச் சோதனையும் வீண். ரிஃபாம்பிசினும் சேர்த்த தட்டில், மூன்று முறை செய்தும், ஒன்றுமில்லை.

உப்புச் சோதனையில் வெளியே வரும் அளவு நிலைக்க முதல் பானைக்கு 1 மணி 50 நிமிடம் ஆனது. நான் முதலில் நினைத்திருந்தது அரை மணி.

ஊற்றியது மில்லிக்கு 12 லட்சம். பக்கத்துக் குடுவையில் ஏறக்குறைய குறையவே இல்லை. பானைக்கு நேர் கீழே கிருமி நீக்கிய குடுவையில் பிடித்தேன், வாளியைத் தொடவே இல்லை. முதல் பானையில் வெளியே வந்தது மில்லிக்கு 210. மூன்றாவதில் 340. இரண்டாவதில் 9,600. லாக் கணக்கில் (ஒரு லாக் என்றால் பத்தில் ஒரு பங்காகக் குறைவது, இரண்டு என்றால் நூறில் ஒரு பங்கு) முறையே 3.76, 3.55, 2.10. மாமா தேறாது என்ற இரண்டில் ஒன்று தேறிவிட்டது.

மாமா வீட்டில் 12 நாளில் கெட்டுப்போன அந்தப் பானைக்கு அடையாளம் எதுவும் ஊற்றவில்லை, அது குடிக்கும் பானை. ஆனால் இப்போது எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரியும். பானையை வாளியிலிருந்து தூக்கி அடியில் நேராகப் பிடித்தால் 100 மில்லிக்கு 8 கோலிஃபார்ம். குழாயில் பிடித்தால் அதே 240. பிறகு வாளியை மட்டும் காலி செய்து, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை அதில் ஊற்றி இரவு முழுக்க வைத்துக் காலையில் குழாயில் பிடித்தேன். 130. ஊருணித் தண்ணீரே படாத 130. குழாயைத் திருகிக் கழற்றினேன். அம்மா எழுதிய அதே வழவழப்பு.

எனக்குப் புரியாத ஒன்று. ஊற்றிய பிறகு முதல் பானையில் தினமும் வெறும் சுத்தத் தண்ணீர் ஊற்றி வந்தேன். இரண்டாம் நாள் அடையாளமிட்டது மில்லிக்கு 31. மூன்றாம் நாள் 17. ஆறாம் நாளும் 100 மில்லியில் சில வந்தன. நான் ஒன்றும் ஊற்றவில்லையே?

பழைய பெட்ரித்தட்டு எழுதியது:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த 40ஐப் பார்த்து நிறுத்தினீர்களே, அதற்கே மனம் நிறைந்தது.

ஆறாம் நாள் வந்தவை ஒளிந்திருந்தவை. வெள்ளி இல்லாத மண் பிடிக்கும், கொல்லாது. துளைச் சுவரில் ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். இதை அடையாளம் இல்லாமல் நீங்கள் பார்த்திருக்கவே முடியாது, ஊருணியிலிருந்து அன்று வந்தது என்று எழுதியிருப்பீர்கள். இனி வெள்ளி பூசிய பானையைச் சோதிக்கும்போது முதல் நாள் எண்ணிக்கையைவிட இந்த ஆறு நாள் வாலை ஒப்பிடுங்கள். வெள்ளி எதற்கு என்பது அங்கேதான் தெரியும்.

எண்களை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வீட்டு வடிகட்டி அளவுகோலில் பாக்டீரியாவுக்கு 2 லாக் ஒரு படி, 4 லாக் அடுத்த படி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 1987 வழிகாட்டி 6 லாக் கேட்கிறது. முதல் பானையும் மூன்றாவதும் முதல் படியைத் தாராளமாகத் தாண்டிவிட்டன. ஆனால் இரண்டு அளவுகோலுமே வைரசையும் புரோட்டோசோவா என்ற, பாக்டீரியாவைவிடப் பெரிய ஒற்றைச் செல் உயிரிகளையும் சேர்த்துப் பார்ப்பவை. வைரசுக்கு எம்.எஸ்.2 என்ற, பாக்டீரியாவைத் தாக்கும் வைரசை ஊற்றுவார்கள், அது ஏறத்தாழ 27 நானோமீட்டர், உங்கள் பானைத் துளைக்குள் லாரி போகிற சாலையில் எறும்பு போகிற மாதிரி போய்விடும். ஆகவே பானையில் ஒட்டும் தாளில் "பாக்டீரியாவைக் குறைக்கும்" என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் வடிகட்டிய பிறகும் காய்ச்சச் சொல்லுங்கள்.

இரண்டாவது பானையின் வேகம் எவ்வளவு?

ஊருணிக்காரன் எழுதியது:

மணிக்கு 3.4 லிட்டர், அம்மா. முதலாவது 1.6, மூன்றாவது 1.4.

பழைய பெட்ரித்தட்டு எழுதியது:

அப்படியானால் மாமாவுக்கு ஆய்வகமே வேண்டாத ஒரு சோதனை கிடைத்துவிட்டது. ஒவ்வொரு பானையையும் இரவு முழுக்க ஊற வைத்து, நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கசிகிறது என்று அளக்கட்டும். மண்பானை வடிகட்டி செய்யும் பட்டறைகள் உலகெங்கும் இதைத்தான் செய்கின்றன. இரண்டரை லிட்டரைத் தாண்டினால் விற்க வேண்டாம். அடையாளமிட்ட பாக்டீரியா சூளைக்கு ஒன்றிரண்டு பானைக்கு மட்டும் போதும். மூன்று பானை மிகக் குறைவு, இந்தக் கோட்டை இரண்டரையில் போடுவதா இரண்டில் போடுவதா என்று முடிவு செய்ய இன்னும் ஏழெட்டாவது உடைய வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

அம்மா, நான் எச்.டூ.எஸ். பாட்டிலில் எப்போதும் குழாயில்தான் பிடிக்கிறேன். இந்த மாதம் எங்கள் பள்ளியில் இருக்கும் வடிகட்டியில் இரண்டு இடத்திலும் பிடித்துப் பார்க்கிறேன்.

ஊருணிக்காரன் எழுதியது:

மூன்று பானையையும் பிளீச்சிங் கரைசலில் ஒரு நாள் ஊற வைத்து, உடைத்து, ஓடுகளை ஆட்டோக்ளேவில் வைத்து எடுத்தேன். மாமா கேட்டதால் இரண்டாவது பானையின் ஓடுகளை மட்டும் குழுவிடம் கேட்டுக்கொண்டு ஆய்வகத்திலேயே அவரை வரவழைத்துக் காட்டினேன். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வோர் ஓட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிப்பகுதி ஓட்டின் உடைந்த விளிம்பில் ஓர் இடத்தைக் காட்டினார். உமி கட்டியாகச் சேர்ந்து எரிந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பொந்து.

"உமியச் சலிக்காமப் போட்டுட்டேன்" என்றார். திரும்பும்போது மதுரையில் கம்பி வலைக் கடையில் இறங்கி இரண்டு அளவில் சல்லடை வாங்கினோம். வாளிக்கு, முழுதாகக் கழற்றிக் கழுவக்கூடிய குழாயாகப் பார்த்து ஆறு வாங்கியிருக்கிறார். நேற்று கோணிச் சாக்கை எடுத்துவிட்டு மண்ணை மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். சூளை வைத்ததும் எட்டுப் பானையோடு வருகிறேன்.